மஞ்சள் துண்டு

வெயில் தாங்காமல் வாந்தியெடுத்துச் சுருண்ட தங்கை பிளெஸ்ஸியைக் கூடாரத்துக்குள் படுக்கவைத்துவிட்டு, ஸ்டெல்லா தண்ணீருக்கு ஓடினாள். பொட்டல் முழுக்க முந்நூறு கூடாரங்கள், எல்லாம் ஒரே நீலம். இசை விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாசலில் ஆளுக்கொரு மஞ்சள் துண்டு கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் தலையில் கட்டியிருந்த அதை, இவள் அடையாளத்துக்கென்று தன் கூடாரத்தின் உச்சியில் முடிந்துவிட்டுத்தான் போனாள்.

தண்ணீர் லாரியடியில் வரிசை நகர ஒரு மணி நேரமாயிற்று. பாட்டிலோடு திரும்பியவள் தன் துண்டைத் தேடி அண்ணாந்து பார்த்தாள். ஏறக்குறைய ஒவ்வொரு கூடாரத்தின் உச்சியிலும் ஒரு மஞ்சள் துண்டு காற்றில்லாமல் தொங்கியது.

“பிளெஸ்ஸி” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். மேடையில் பறை அதிர்ந்ததில் அவள் குரல் அடுத்த கூடாரத்தைக்கூட எட்டவில்லை. ஒரு ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். உள்ளே யாருடைய பையோ கிடந்தது. அடுத்தது காலி. மூன்றாவது கூடாரத்தில் ஒரு பெண் எக்கி நின்று துண்டை முடிந்துகொண்டிருந்தாள்.

“எதுக்குங்க எல்லாரும் இதக் கட்டுறீங்க?”

“வேண்டுதலுங்க. மஞ்சத்துணி முடிஞ்சா மழ வருமாம்.”

“மொதல்ல கட்டுன டெண்ட் எதுங்க?”

“அது தெரியலீங்க. யாரோ ஒரு புண்ணியவதி ஆரம்பிச்சு வெச்சாங்களாம்” என்றவள், ஸ்டெல்லாவின் வெறுந்தலையைப் பார்த்தாள். “உங்க துண்டு எங்கங்க? நீங்க கட்டலையா?”