கை நடுக்கம்

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாகச் சொன்னால் ரகுநாதன் சார் காதில் விழுந்துவிடும்.

பட்டான்செருவில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடம். கூடப் படித்தவர்களெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போக, சாருலதா மட்டும் இங்கே நொச்சி இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

கிருமி வளர்த்த ஆறு கண்ணாடித் தட்டுகள். நடுவில் அந்த இலைச்சாறு. சாறு விட்ட இடத்தைச் சுற்றிக் கிருமி செத்து, எட்டணா அளவுக்கு வட்டம் விழுந்திருந்தது.

"ஜெயிச்சுட்டேம்மா. பதினோரு மணிக்கு டெல்லிக்காரங்க, பேப்பர்காரங்க எல்லாரும் வர்றாங்க. உன் பேரைத்தான் சொல்லப்போறேன்," என்றார் அவளுடைய அதிகாரி ரகுநாதன். புதுச் சட்டை வேறு.

பத்தரைக்கு, தட்டு கழுவும் ரோஸ்லின் அந்த ட்ரேயைத் தூக்கினாள். டமார். ஆறும் தூள்.

"இருபது வருஷமா இதைத்தானே தூக்கறே?"

"கை நடுங்கிடுச்சு சார். வயசாகுது இல்ல."

"அப்ப வீட்லயே உக்காரு. இன்னைக்கே எழுதிக் கொடுத்துடறேன்."

வருகிறவர்களை மறுநாள் வரச்சொல்ல அவர் போனைத் தேடி ஓடினார். சாருலதா அழுதாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

ரோஸ்லின் தரையில் ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்தாள்.

"எதுக்கு இவ்வளவு ஊத்தறீங்க?"

"கிருமி சாக வேணாமா, பாப்பா?"

சாருலதாவின் அழுகை நின்றது. அதே ஸ்பிரிட்டில்தானே இலை ஊறியது. இலை போடாத வெறும் ஸ்பிரிட்டுக்கும் ஒரு தட்டு வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டாள்.

அன்றே வைத்தாள். காலையில் பார்த்தால், இலைச்சாற்றுத் தட்டில் எட்டணா. வெறும் ஸ்பிரிட் தட்டிலும் அதே எட்டணா. கொன்றது இலை இல்லை.

ரகுநாதன் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நேத்து மட்டும் பேப்பர்ல வந்திருந்தா, ஊரே சிரிச்சிருக்கும்மா உன்னைப் பார்த்து."

டெல்லிக்காரர்களுக்கு உஸ்மானியா பிஸ்கெட் மட்டும் கொடுத்து அனுப்பினார். ரோஸ்லினைப் பற்றி எழுதியதையும் கிழித்துப்போட்டார். "பாவம், அவ கை நடுங்கினதும் நல்லதுக்குத்தான்."

சாருலதா ரோஸ்லினைத் தனியாகப் பிடித்தாள். "அக்கா, வேணும்னே தானே போட்டீங்க?"

"நக்கோ, வேணாம் பாப்பா, அப்படியெல்லாம் பேசாதே. டாக்டர்கிட்ட காட்டணும், ரொம்பத்தான் நடுங்குது," என்றாள் ரோஸ்லின்.

சொல்லிவிட்டு, ஒரு கையில் பன்னிரண்டு தட்டு அடுக்கிய ட்ரே, மறு கையில் சாருக்கு விளிம்புவரை ஊற்றிய டீ, இரண்டையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.