ஆரஞ்சுத் தீற்றல்

"கிட்ட வந்து பாருங்க. பறவையை இல்லை, பறவைக்குப் பின்னாடி!" என்று பன்னிரண்டாவது முறையாகச் சொன்னார் பல் டாக்டர்.

கண்காட்சிக் கூடத்தில் முதல் பரிசு வாங்கிய அவருடைய படத்தின் முன்னால் கூட்டம் கலையவே இல்லை. தண்ணீரில் ஒரு முக்குளிப்பான், திடுக்கிட்டுக் கழுத்தை நீட்டியபடி. இறகு இறகாக எண்ணிவிடலாம். அதற்குப் பின்னால் ஏரியே கரைந்துபோய் வெள்ளி வட்டங்களாக மிதந்தது. வட்டங்களுக்கு நடுவே, யாரோ தூரிகையை ஒரு இழு இழுத்துவிட்ட மாதிரி ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல்.

"எப்படி டாக்டர் இப்படி ஒரு மங்கல் விழுந்துது?" என்றார் ஒருவர்.

கேட்க வேண்டுமா? டாக்டர் ஆரம்பித்துவிட்டார். சேற்றில் குப்புறப் படுக்க வேண்டும். லென்ஸ் தண்ணீரைத் தொடுகிற மாதிரி இருக்க வேண்டும். பறவை கிட்ட, பின்னணி எட்ட. நாற்பது நிமிடம் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

"தியானம் மாதிரிதான் சார். எதிர்க்கரையில எவனோ நாயைக் கூப்பிட்டுக் கத்திட்டிருந்தான். தலையைக்கூடத் தூக்கலையே நான். 'சத்தம் போடாதே'ன்னு கையை மட்டும் ஆட்டினேன்."

"ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்றவனுக்கு, தன் வாயை மூடத் தெரியலை பாருங்க" என்று அந்தக் கண்காட்சி நாளைப் பற்றி இப்போது அவரே சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறார். அன்று மூடத் தெரியவில்லைதான்.

"அந்த ஆரஞ்சு என்னங்க?" என்று கேட்டாள் பக்கத்தில் நின்ற மனைவி. "யாராவது துணி காயப்போட்டிருந்தாங்களா?"

"துணியா! சூரிய உதயம்மா அது. தண்ணியில கரைஞ்சிருக்கு."

"முதுகுல வெயில் சுள்ளுன்னு அடிச்சுதுன்னு சொன்னீங்களே. அப்ப சூரியன் உங்களுக்குப் பின்னாடிதானே இருந்திருக்கணும்?"

"கலைக்கு இப்படியெல்லாம் கணக்குப் பார்க்கக் கூடாது" என்று டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்குள் ரசிகர்கள் கிடைப்பதில்லை என்பது அவருடைய பழைய வருத்தம்.

சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகும் ஒருவர் மட்டும் படத்தை விட்டு நகரவில்லை. நாற்பது வயது இருக்கும். வெளுத்துப்போன சட்டை, கையில் மடித்த ஒரு காகிதம். மூக்கு படத்தின் கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

'இவர்தான்யா ரசிகர்' என்று டாக்டருக்கு உள்ளம் குளிர்ந்தது. சட்டையைச் சரிசெய்துகொண்டு அருகில் போனார்.

"இது என்னிக்கு எடுத்ததுங்க சார்?"

"போன மாசம் ஒன்பதாம் தேதி. காலையில ஏழு மணி பதினாலு நிமிஷம்."

"நேரம் அவ்வளவு கரெக்டாத் தெரியுமா?"

"கேமராவுலயே பதிவாயிடும். ஒரு நொடி தப்பாது."

அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. அந்தத் தீற்றலைக் காட்டினார். "இது..."

"பிடிச்சீங்க பாருங்க! படத்துக்கே உயிர் அதுதான்" என்று டாக்டர் கையெழுத்துப் போடத் தயாராகப் பேனாவை எடுத்தார்.

"உயிர்தாங்க. அது நான்தான் சார்."

பேனா பாதியில் நின்றது.

"ஏரியில பாசி அள்ளுற வேலைங்க எனக்கு. அன்னைக்குப் படகு கவுந்துடுச்சு. கம்பெனி குடுத்த ஆரஞ்சு ஜாக்கெட்டு மிதக்க வெச்சுது, ஆனா காலு பாசிக்கொடியில சிக்கிக்கிச்சு. கரையில நீங்க படுத்திருந்தது தெரிஞ்சுது. உங்களைப் பார்த்துத்தான் தொண்டை கிழியக் கத்தினேன். நீங்களும் கையைக் காட்டினீங்க. ஆளைக் கூட்டிட்டு வரப்போறாருன்னு தெம்பா இருந்தேன்."

டாக்டருக்குக் காது மடல் சுட்டது. கூடத்தில் இருந்த அத்தனை விளக்கு வெளிச்சமும் தன் முகத்தில்தான் விழுகிறது என்று தோன்றியது. மனைவி அந்த ஆரஞ்சையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்புறம்... எப்படிக் கரையேறினீங்க?"

"கொடியை எப்படியோ அறுத்துக்கிட்டு எதிர்க்கரையில ஏறினேங்க. ஒரு மணி நேரம் ஆயிடுச்சு."

"ஐயா, தலையைத் தூக்கிப் பார்க்காம, யாரோ நாயைக் கூப்பிடறாங்கன்னு நினைச்சுட்டேன். என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க. திட்டிட்டு, நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. எதுன்னாலும் செய்யறேன்."

"திட்ட வரலைங்க. படத்தைப் பத்திப் பேப்பர்ல பார்த்தேன், அதே ஏரியாச்சேன்னு வந்தேன்." அவர் கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார். "நான் அன்னைக்கு வேலைக்கே வரலை, முந்தின நாளு படகைச் சரியாக் கட்டாம விட்டதாலதான் கவுந்துச்சுன்னு சூப்பர்வைசர் எழுதிட்டாரு. வேலையை விட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. திங்கக்கிழமை விசாரணை. நான் தண்ணியில கிடந்ததுக்கு ஒரு சாட்சியும் இல்லை."

"ஏன் இல்லை? நான் வர்றேன்!" டாக்டர் நெஞ்சில் கை வைத்தார். "நான் வந்து சாட்சி சொல்றேன்."

"நீங்க என்னைப் பார்க்கவே இல்லையே சார்."

டாக்டர் வாயைத் திறந்தார். தன்னிடம் வருகிற நோயாளிகளைப் போலத் திறந்தபடியே நின்றார்.

பாசி அள்ளுகிறவர் பரிசுப் படத்தில் முகமே தெரியாத அந்தத் தீற்றலை இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, குரலைத் தாழ்த்தினார்.

"பறவை மங்கலா விழுந்த படம் ஏதாவது இருக்கா சார்?"