தம்பி நிறைத்த தோட்டாக்கள்

விடிந்தால் மான்டானாவில் மான் வேட்டை. தம்பி லைல் வீட்டிலேயே வெடிமருந்து நிறைத்துக் கொடுத்த தோட்டாவைக் காதருகே குலுக்கினான் வெர்ன். உள்ளே மணல் போலச் சரசரத்தது.

"கருமம்! இதைச் சுட்டா துப்பாக்கியே வெடிச்சுடும்."

குண்டைக் கவ்வி உருவும் கருவியைப் போட்டால் கீறல் விழாது. இந்த லட்சணத்துக்குச் சுத்தியலே போதும். தோட்டாவைப் பிரிப்பதற்கென்றே தலை குடைந்து செய்த சுத்தியல் அது; ஒவ்வொன்றாக அதன் தலைக்குள் மாட்டித் தரையில் ஓங்கி அடித்தான். குண்டு கழன்று, மருந்தோடு வெளிறிய தூளும் கொட்டியது. இருபது தோட்டாவிலும் அதே குப்பை. தீப்பிடிக்காமலிருக்க, புகையிலை துப்பும் டப்பாவில் மருந்தையும் தூளையும் கொட்டி, மேலே காறித் துப்பினான்.

லைல் உள்ளே வந்தான்.

"மருந்துல என்ன எழவைடா கலந்த?"

"அப்பா ஒரு சீசனும் வேட்டைக்கு வராம இருந்ததில்லையேண்ணா. நாளைக்கும் வரட்டும்னு, அவரோட அஸ்தியில ஒரு சிட்டிகை ஒவ்வொரு தோட்டாவுலயும் போட்டேன்."

வெர்னின் வாயில் மறுபடி புகையிலைச் சாறு நிறைந்திருந்தது. டப்பாவைப் பார்த்தான், விழுங்கிவிட்டான்.