நாளைய படக்கதையில் யார்?

"அம்மா, நம்ம வீட்டுல ஒளிஞ்சிருக்கிற அக்காவும் நாளைக்குப் படக்கதையில வருவாங்களா?"

லிஃப்டில் இனியா கேட்டதும் வசுமதியின் முகம் வெளுத்தது. உடன் இருந்தவர் எதிர்வீட்டு தனிஸ்லாஸ் மட்டும்தான்.

அந்தக் குடியிருப்பின் காலைத் தாளில் தினமும் ஒரு படக்கதை வரும். முந்தைய நாள் எந்த வீட்டில் அதிக வேடிக்கை நடந்ததோ, அதைச் சுவர்களே பார்த்து வரைந்துவிடும். எல்லோரும் படித்துச் சிரிப்பார்கள். வசுமதி வீட்டில் ஒளிந்திருக்கும் கோமதியின் கணவனும் கீழ்த்தளத்தில் அதைப் படிப்பான்.

"கோமதி புருஷன் அவ கையை உடைச்சிட்டான், அங்கிள்," என்றாள் வசுமதி. "அவ அண்ணன் நாளைக்குக் காலையிலதான் வந்து கூட்டிட்டுப் போறார். அதுக்கு முன்னாடி தாள் வந்துடும். அவன் பார்த்தா கொன்னே போட்டுடுவான்."

"கர்த்தர் பாத்துக்குவாரும்மா," என்றார் அவர்.

மனைவி இறந்த வாரம் வேளை தவறாமல் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்தவள் வசுமதி.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மனைவியின் பட்டுச் சேலையை உடுத்தி, இட்லிப் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினார். விழுந்தார். இது போதுமா என்று சுவரைப் பார்த்தார். பயத்தில் எழுந்து மறுபடியும் ஆடினார்.

காலையில் குடியிருப்பே சிரித்தது. கோமதியின் கணவன் தாளும் கையுமாக அவர் வாசலில் வந்து நின்றான்.

"என்ன பெருசு, மாப்பிள்ளை யாரு?"

"உள்ள வாப்பா, ஆடியே காட்டுறேன்."

அவனை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எதிர்வீட்டுக் கதவு திறந்து, இரண்டு பேர் படியிறங்கும் காலடிச் சத்தம் அடங்கும்வரை தனிஸ்லாஸ் ஆட்டத்தை நிறுத்தவில்லை.