மற்றும்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இயற்கை மற்றும் உடல்நல அறிவியல் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவோருக்காகப் பல்கலைக்கழகம் தன் வாசல்களை அகலத் திறந்துவிட்டிருக்கிறது.

அவள் நின்ற இடத்தில் திறந்திருந்தது ஒரு ஜன்னல். அதிலும் பாதி.

கடைசி நாள். மணி நாலரை. ஐந்துக்கு அதையும் சாத்திவிடுவார்கள்.

உள்ளே கண்காணிப்பாளர் பொன்னுரங்கம் அவளுடைய விண்ணப்பத்தை முன்னும் பின்னும் புரட்டினார். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கள்ளநோட்டாக இருந்துவிட்டால்?

"எம்.எஸ்சி. உயிர்மருத்துவ அறிவியல். இது இயற்கையில வராதும்மா."

"அப்ப உடல்நலத்துல போடுங்க சார்."

"அதுலயும் வராது."

"பின்ன எதுலதான் சார் வரும்?"

அவர் அறிவிப்பை அவள் பக்கம் திருப்பி, விரல் வைத்துக் காட்டினார்.

"நடுவுல 'மற்றும்'னு போட்டிருக்கு பாருங்க. நீங்க அதுல வர்றீங்க. அதுக்கு எடம் ஒதுக்கல."

பட்டம் கொடுத்தது இதே பல்கலைக்கழகம்தான். கொடுத்தபோது துணைவேந்தர் சிரித்துக்கொண்டு நின்றார். எதில் வரும் என்று அவரும் சொல்லவில்லை.

எட்டு வருடம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் சிறுநீரகங்களுக்கெல்லாம் அறிக்கை எழுதிவிட்டு வந்திருக்கிறாள். வழிகாட்ட ஒரே ஒரு பேராசிரியர் சம்மதித்திருந்தார். ஓய்வுக்கு மூன்று வருடமாவது இருந்தால்தான் புதிதாக ஆளை எடுக்கலாம் என்பது விதி.

அவருக்கு மிச்சம் சரியாக மூன்று வருடம்.

இந்த ஜன்னல் போனால் போனதுதான்.

"இணைத்தன்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு," என்றார் பொன்னுரங்கம். "உங்க படிப்பு இயற்கைக்குச் சமம்னு அவங்க ஒரு தாள் குடுத்துட்டா, தேதி போனாலும் வாங்கிக்குவோம். ஒரு மனு எழுதிப் போடுங்க."

ஜன்னல் கட்டையிலேயே வைத்து எழுதிக் கொடுத்தாள்.

அவர் படித்தார். பரிசோதனைக் கூடத்தின் பெயர் வந்த வரியில் நின்றார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அதிகாரம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல. கால் கொஞ்சம் வீங்குது. டாக்டர்கிட்ட இன்னும் காட்டல. நீங்கதான் இந்த லைன்ல இருக்கீங்களே."

தலைப்பில் அவர் பெயர். கீழே, கிரியாட்டினின் ஆறு புள்ளி எட்டு. ஒன்றேகாலைத் தாண்டக் கூடாதது.

தேதி இரண்டு மாதம் பழையது.

பயப்பட ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிடலாம். மனு அவர் கையில். மனசு குளிர்ந்த அதிகாரியிடம் காகிதங்கள் வேகமாக நகரும்.

பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"கிட்னி சார். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

அவர் உட்கார்ந்தார்.

பின்னால் யாரோ, "நகருங்க மேடம், டைம் ஆவுது," என்றார்கள்.

பொன்னுரங்கம் மனுவைக் கையில் எடுத்தார். முத்திரையைத் தொட்டார். குத்தவில்லை. ஜன்னல் வழியாகவே திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்காக அலையாதீங்கம்மா."

அந்த இணைத்தன்மைக் குழுவைக் கலைத்து நாலு வருடம் ஆகியிருந்தது.