வெடிக்காத தோட்டா

“நீ குடுத்த தோட்டா வெடிக்கலைலா. ரெண்டு தடவ அமுக்கினேன். டிக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான்.”

சொல்லிக்கொண்டேதான் மாயாண்டி உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்ட சுகுமாரனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

காலை பத்து மணி. ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில் அந்த வரிசை வீட்டின் முன்பக்கம் சுகுமாரனின் கடைசல் பட்டறை. பின்னறையில் அவன் செய்யும் வேலை வெளியில் யாருக்கும் தெரியாது. சுட்டுக் காலியான பித்தளைக் குப்பிகளைத் துடைத்து, மருந்து அளந்து, ஈயக் குண்டு பொருத்தி மறுபடி ரிவால்வர் தோட்டா ஆக்குவான். விற்பதற்கு இல்லை. வெறும் ஆசை. சுடுவதைவிடச் செய்வதில்தான் அவனுக்கு ருசி. பிடிபட்டால் ஜெயில் என்று அவனுக்கும் தெரியும், அவனை முதன்முதலில் துப்பாக்கிக் கிளப்புக்குக் கூட்டிப்போன மாயாண்டிக்கும் தெரியும்.

இத்தனை வருடத்தில் அவன் செய்த தோட்டா ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. அதுதான் மாயாண்டியை உறுத்தியது.

“எதச் சுட்டீங்கண்ணே?” என்று கேட்டான் சுகுமாரன்.

“பன்னி. செம்பனைத் தோட்டத்துக்குள்ளேருந்து வாசல் வரைக்கும் வருது.”

மாயாண்டி ஈப்போவில் முப்பது வருடம் நகைக்கடை வைத்திருந்தவர். ரிவால்வரும் லைசென்சும் கடைக்காக எடுத்தவை. மனைவி இருளாயி இறந்து நான்கு மாதம் ஆகிறது. கடையைக் கைமாற்றிவிட்டு, பத்து காஜா ஊர்ப் பக்கம் பழைய செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தார்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தார். குறடு வைத்து அதன் தலையை ஏற்கெனவே பிடுங்கியிருந்தார். மேசைமேல் கவிழ்த்ததும் வெள்ளையாகக் கொஞ்சம் கொட்டியது.

“என்னான்னு பாரு. உப்புமா கிண்டுற ரவ.”

சுகுமாரன் பார்த்தான். மறுக்கவில்லை.

மூன்று வாரம் முன்பு அவனாகத்தான் மாயாண்டி வீட்டுக்கு வந்து ரிவால்வரை வாங்கிப் பார்த்தான். உள்ளே இருந்த ஆறு தோட்டாவும் பச்சைக் களிம்பு பிடித்துவிட்டன, நம்பிச் சுட முடியாது, நானே புதிதாகச் செய்து தருகிறேன் என்றான். அந்த ஆறையும் கழற்றிக்கொண்டு போனவன், மறுநாள் புது ஆறைக் கொண்டுவந்து தன் கையாலேயே போட்டுக் கொடுத்தான்.

“என்னோட ஆறு தோட்டாவும் எங்க?”

“இல்லண்ணே. கிந்தா ஆத்துல போட்டுட்டேன்.”

மாயாண்டி சிரித்தார். கடையில் விலைகொடுத்து வாங்கிய தோட்டாவை யாராவது ஆற்றில் போடுவார்களா? எந்தக் கும்பலுக்கு விற்றாய் என்று கேட்டார். சுகுமாரன் மேசையில் கொட்டிய ரவையை உள்ளங்கையால் கூட்டினான். அவன் மறுக்காததே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வரும் வழியெல்லாம் அவர் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். இருளாயி இருந்தவரை மாதம் ஒருமுறை எட்டிப்பார்த்தவன், அவள் போனபிறகு வாரம் மூன்று நாள் வந்து நிற்கிறான். தினமும் காலையில் போன் செய்து வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று கேட்கிறான். போன மாதம், ஓர் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வீட்டு மாற்றுச்சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டான். வந்தால் ஓர் இடத்தில் உட்காருவதில்லை. குளியலறை, அடுப்படி, படுக்கையறை என்று சுற்றிச்சுற்றிப் பார்க்கிறான். படுக்கையறை அலமாரியில் இருளாயியின் நகை முழுக்க இருந்தது.

“என் துப்பாக்கிய சும்மா இரும்பா ஆக்கிட்டு, சாவியையும் கையில வச்சிருக்க. எப்ப வரலாம்னு இருந்த? நான் தூங்குறப்பவா?”

“அண்ணே, அப்படிப் பேசாதீங்க.”

“பின்ன எப்படிப் பேசணும்? தம்பின்னு நெனச்சு வீட்டுக்குள்ள விட்டேன்லா.”

சாவியைக் கேட்டுக் கை நீட்டினார். சுகுமாரன் கொடுக்கவில்லை. அது என்னிடமே இருக்கட்டும் என்றான். மாயாண்டி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போகப்போவதாகவும், பின்னறையில் இருக்கும் இயந்திரத்தையும் மருந்தையும் காட்டிக்கொடுக்கப்போவதாகவும் சொன்னார். அதற்குப்பிறகு சுகுமாரனுக்குப் பட்டறையும் கிடையாது, ஜெயிலுக்கு வெளியே வாழ்க்கையும் கிடையாது.

அவன் பயப்படுவான் என்று எதிர்பார்த்தார். அவனோ கார் சாவியை எடுத்தான்.

“வாங்க, போலாம். நானே கூட வாரேன். துப்பாக்கி வண்டியிலதான இருக்கு? அதையும் அங்கேயே குடுத்துடலாம்.”

“என் துப்பாக்கிய எதுக்குடா நான் குடுக்கணும்?”

“என்னைய உள்ள வச்சாலும் பரவால்லண்ணே. அது உங்க வீட்டுல இருக்க வேணாம்.”

அவன் குரல் உடைந்திருந்தது. திருட வந்தவன் எதற்கு அழவேண்டும் என்று மாயாண்டிக்குப் புரியவில்லை. புரியாமல் இல்லை; புரிந்துவிடக்கூடாது என்றுதான் வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

சுகுமாரன் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினான். வியர்வையில் ஒட்டியிருந்த நரைமுடியை மெல்ல ஒதுக்கினான். வலது காதுக்கு மேலே, துப்பாக்கிக் குழாய் அழுந்திப் பதிந்த சின்ன வட்டம் இன்னும் சிவப்பு மாறாமல் இருந்தது.

“இருளாயி அக்காவ எரிச்சிட்டு வந்த அன்னைக்கே எனக்குப் பயம் வந்துருச்சுண்ணே,” என்றான்.