ஃபில்டர் போட்ட சத்தம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஏரியூரில் ஒரு மீன்தொட்டி வைத்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மாதவராஜுக்கு மீன்தொட்டி ஃபில்டரின் சத்தம் ஆகவில்லை.

"ஓயாம கடகடங்குது. மோட்டாரைக் கார் ஷெட்டுல வெச்சு, செவுத்துல ஓட்டை போட்டுப் பைப்பை இழுத்துடலாம்" என்றார்.

"அது பாட்டுக்கு ஓடட்டுங்க. நல்லா இருக்கற வூட்டை எதுக்கு ஒடைக்கறீங்க?" என்றாள் மனைவி சசிகலா.

"மீனே சும்மா இருக்குது, உனக்கென்ன வந்துச்சு?"

பிளம்பர் வந்து மோட்டாரை ஷெட்டுக்கு மாற்றிவிட்டுப் போனார். வீடு அமைதியானது. மாதவராஜ் நிம்மதியாகப் பேப்பரை விரித்தார். தொட்டிக்குப் பின்னால் இருந்த சமையலறையில் சசிகலா ஃபோனில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"இனிமே கூப்புடாத சாமி. மோட்டார் சத்தத்துலதான் அப்பாவுக்குக் கேக்காம பேசிட்டிருந்தேன். பையன் நடக்கறானா?"

மறுமுனையில், காதலித்துக் கட்டிக்கொண்டாள் என்று அவர் விரட்டிவிட்ட மகள் சுசித்ரா. பேரன் பிறந்ததே அவருக்குத் தெரியாது.

சமையலறை வாசலில் போய் நின்றார். சசிகலா ஃபோனை முந்தானைக்குள் மறைத்தாள்.

"வெச்சுடாத சசி" என்றார். "ஸ்பீக்கர்ல போடு. நானும் கேக்கறேன்."

உங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் பயந்து குரலைத் தாழ்த்தாமல், வாய்விட்டுப் பேசி நல்லா இருக்கணும் சாமிகளா.